காற்புள்ளியை மூச்சை வைத்துப் படிப்பிக்கலாமா? (தரம் 7, சிறுத்தைப் பாடம்)

கொழுந்துக்கூடை, மஸ்கெலியா
திங்கள், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 7க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். மூன்று வருடமாகக் காற்புள்ளிக்கு அதே மா, பலா, வாழையைத்தான் கரும்பலகையில் எழுதி வந்தேன். பட்டியல் என்றால் பிள்ளைகள் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். கட்டுரைக்கு வந்தால் ஒரு முழுப் பக்கத்தில் ஒன்றுகூட இருக்காது, இல்லாவிட்டால் சொல்லுக்குச் சொல் இருக்கும்.

இந்த முறை எங்கள் பிள்ளைகள் தினமும் கதை கதையாகப் பேசும் மிருகத்தையே எடுத்தேன். நானே ஒரு பந்தி எழுதி, முற்றுப்புள்ளிகளை விட்டுவைத்து, காற்புள்ளி, மேற்கோள்குறி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கொடுத்தேன் (கான் என்பது தோட்டத்து வாய்க்கால், லயம் என்பது தொழிலாளர் வரிசை வீடு, மரை என்பது பெரிய மான்):

பனி மூடிய தேயிலை மலையில் விடியும் முன்பே ஒரு சிறுத்தை இறங்கி வந்தது. கானில் நீர் குடித்து உடலை உதறி காதை நிமிர்த்தி மேலே பார்த்தது. காட்டோரத்தில் மரை காட்டுப்பன்றி முயல் ஆகியவற்றின் தடங்கள் இருந்தன. காலில் அடிபட்ட சிறுத்தையின் குட்டி மானாப் புல்லுக்குள் படுத்திருந்தது. நாய் குரைத்ததால் சிறுத்தை அசையாமல் நின்றது. லயத்து வாசலில் நின்ற சிறுவன் அம்மா புலி வருது என்று கத்தினான்.

“வாசித்துப் பாருங்கள், மூச்சு விடுகிற இடத்தில் காற்புள்ளி போடுங்கள்” என்றேன். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

உதைபந்தாட்ட அணியில் ஓடுகிற ஒரு பையன் மூன்று வாக்கியத்தை ஒரே மூச்சில் வாசித்து முடித்தான். அவன் தாளில் ஒரு காற்புள்ளியும் இல்லை. இழுப்பு உள்ள ஒரு பிள்ளை “பனி மூடிய, தேயிலை மலையில், விடியும், முன்பே, ஒரு” என்று போட்டிருந்தாள். அவளைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்னதைத்தானே அவள் அப்படியே செய்திருக்கிறாள். பிழை என் விதியில் என்று அப்போதுதான் உறைத்தது.

மூச்சை விட்டுவிட்டு வேறு எதை வைத்து இதைத் தொடங்குவது? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பழைய வாத்தியார், பண்டாரவளை
திங்கள், இரவு 9.25

டீச்சர், அந்த விதியை அடியோடு தள்ளிவிட வேண்டாம், அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் போதும்.

காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை நேரம் நிறுத்த வேண்டும் என்று நாங்கள் மனப்பாடம் செய்தோம். ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கிற அல்லது கை நொடிக்கிற நேரம். கால், அரை, முக்கால், முழுசு. பெயரிலேயே கணக்கு இருக்கிறது.

ஆனால் அது வாசிக்கிறவனுக்குச் சொன்ன கணக்கு. குறி ஏற்கெனவே தாளில் இருக்கிறது, அதைக் கண்டால் எவ்வளவு நேரம் நிற்பது என்பதற்கு விடை. எழுதுகிறவன் அதை எங்கே போடுவது என்பதற்கு அது விடையே இல்லை. நாங்கள் விதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்தில் எல்லாம் குறி போடச் சொல்கிறோம்.

இந்தக் குறிகள் அச்சோடு வந்தவை. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதே அரிது, ஓலை கிழிந்துவிடும். அப்புறம் காற்புள்ளிக்கு எங்கே போவது? செய்யுளில் யாப்பு நிறுத்திக் காட்டியது, மற்றதை உரைகாரர் பிரித்துச் சொன்னார். எந்தச் சொல்லை எந்தச் சொல்லோடு கூட்டுவது என்பதற்கு இலக்கணத்தில் பொருள்கோள் என்று எட்டு வகையே வைத்திருந்தார்கள். அதில் ஒன்றின் பெயர் அளைமறிபாப்பு. புற்றுக்குள் நுழைந்த பாம்பு உடலை மடித்துத் தலையை மேலே கொண்டுவருவதைப் போல, கடைசியில் உள்ள சொல் திரும்பி வந்து முன்னே உள்ளதோடு சேரும். மிருகத்தை வைத்து வாக்கியத்தைக் காட்டுவது நம்மிடம் புதிய வேலை இல்லை, பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டில் உரைநடை பெருகியபோது குறி தேவைப்பட்டது. நமது நாட்டில் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னே நிற்பவர் ஆறுமுக நாவலர் (1822–1879). பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் அச்சிட்டவர் அவர். படிக்கிற பிள்ளைக்குப் பொருள் சிக்கக் கூடாது என்பதே நோக்கம். மூச்சு அப்புறம்தான்.

இரட்டைமொழி, தலவாக்கலை
திங்கள், இரவு 10.05

நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், அதே தரம் 7. வாத்தியார் ஐயா சொன்னதை என் பக்கத்திலிருந்தும் பார்க்கிறேன். என் வகுப்பில் நான் சொல்லும் காற்புள்ளி விதிகளைப் பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்தே வினை வந்துவிடும். தமிழில் வினை கடைசியில் நிற்கிறது, மற்றதெல்லாம் அதற்கு முன்னே வரிசையாக வந்து குவிகிறது. ஆகவே முன்னே வந்த ஒரு சொல் பின்னே உள்ள எதைப் போய்ப் பிடிக்கிறது என்பதுதான் தமிழில் சிக்கல்.

டீச்சரின் நான்காவது வாக்கியத்தைப் பாருங்கள். “காலில் அடிபட்ட சிறுத்தையின் குட்டி.” யாருக்கு அடிபட்டது? தாய்க்கா, குட்டிக்கா? மூச்சு இதைச் சொல்லாது. “காலில் அடிபட்ட, சிறுத்தையின் குட்டி” என்று எழுதினால் அடிபட்டது குட்டி. காற்புள்ளி இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிற சிறுத்தையைத்தான் அந்தச் சொல் பிடிக்கும். நான் இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமே வைத்து ஒரு பாடவேளை முழுவதும் ஓட்டுவேன்.

இல்லாவிட்டால் சொல்லை மாற்றி வைக்கச் சொல்லலாம்: “சிறுத்தையின் காலில் அடிபட்ட குட்டி.”

கொழுந்துக்கூடை, மஸ்கெலியா
திங்கள், இரவு 10.20

மாற்றி வைத்ததில் இன்னொரு சிக்கல் வந்துவிட்டதே. இப்போது குட்டி போய்ச் சிறுத்தையின் காலில் அடிபட்டுவிட்டது! இதையும் அப்படியே வகுப்பில் கொடுக்கப் போகிறேன்.

அந்த வாக்கியத்தை எழுதும்போது நான் குட்டியைத்தான் நினைத்தேன். இரண்டு பொருள் வருவது எனக்கே தெரியாமல் போயிற்று.

காட்டோரம், நோர்வூட்
செவ்வாய், காலை 6.15

நான் ஆசிரியர் இல்லை. காட்டுயிர்களில் ஆர்வம் உள்ளவன், இந்தப் பக்கம் சிறுத்தையின் தடம் பார்த்துத் திரிந்திருக்கிறேன். பந்தியில் பிள்ளை “புலி வருது” என்று கத்துவதையும், கதை சொல்பவர் “சிறுத்தை” என்று சொல்வதையும் அப்படியே விட்டுவிடுங்கள். தோட்டத்தில் எல்லோரும் புலி என்றுதான் சொல்வார்கள். நம் நாட்டில் வரிப்புலி கிடையாது, உள்ளது சிறுத்தை. 1956ல் பி. இ. பி. தெரணியகல இலங்கைச் சிறுத்தையைத் தனித் துணையினமாக விவரித்து அதற்கு இட்ட பெயரில், சிங்களத்தில் சிறுத்தைக்கு வழங்கும் கொட்டியா என்ற சொல்லே இருக்கிறது. சிங்கம், வரிப்புலி இல்லாத தீவில் இதற்கு மேலே வேட்டையாடும் விலங்கு கிடையாது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியும்.

இன்னொன்று. சிறுத்தை பதுங்கி வரும்போது முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடியே உறைந்து நிற்கும். ஓசை கேட்டால் அப்படியே நிற்கும், காலைக் கீழே வைக்காது. போக்கு முடியவில்லை, அடுத்த அடி இருக்கிறது. படுத்துவிட்டால் விஷயம் வேறு. எனக்கு வாத்தியார் ஐயாவின் கால், அரை, முக்கால் கணக்கை வாசித்தபோது அந்தத் தூக்கிய கால்தான் கண்ணில் வந்தது.

மானாப்புல், பொகவந்தலாவை
செவ்வாய், பிற்பகல் 3.30

நல்ல இழை. ஆனால் நானும் ஆசிரியை என்ற முறையில் ஒரு தயக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும்போது சிறுத்தையிடம் காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளையின் பெரியம்மா அப்படிக் காயப்பட்டவர். வளர்த்த நாயைப் பறிகொடுத்த பிள்ளைகள் இன்னும் அதிகம். “அம்மா புலி வருது” என்ற வரியை அந்தப் பிள்ளை உரக்க வாசிக்க வேண்டுமா? மரையையோ மலை அணிலையோ வைத்து எழுதக் கூடாதா?

கொழுந்துக்கூடை, மஸ்கெலியா
செவ்வாய், இரவு 7.50

டீச்சர், இதை நான் யோசிக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நாளைக்கு வகுப்பில் யாருடைய வீட்டிலாவது அப்படி நடந்திருக்கிறதா என்று முதலில் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். இருந்தால் அந்தப் பிள்ளைக்கு மரை, முயல் உள்ள இன்னொரு பந்தி தயாராக இருக்கும்.

ஆனால் சிறுத்தையை முழுவதுமாக விட மனமில்லை. பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசும்போது வாக்கியம் நீண்டு நீண்டு போகிறது. “மாமா பெரட்டுக்குப் போற நேரம் நாய் குரைச்சு டோர்ச் அடிச்சுப் பார்த்தா ரெண்டு கண்ணு பளபளன்னு” என்று நிறுத்தாமல் சொல்வார்கள். நீண்ட வாக்கியம் வந்தால்தான் காற்புள்ளிக்கு வேலை. மா, பலா, வாழையில் யாரும் வாக்கியத்தை நீட்டப் போவதில்லை.

பயிலுநர், பத்தனை
செவ்வாய், இரவு 9.00

ஸ்ரீ பாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிற்சியில் இருக்கிறேன். அடுத்த மாதம் கற்பித்தல் பயிற்சிக்கு இதே தரம். ஒரு சந்தேகம். “நீர் குடித்து உடலை உதறி காதை நிமிர்த்தி மேலே பார்த்தது” என்பதில் வினையெச்சம் ஒவ்வொன்றுக்கும் பின்னே காற்புள்ளி போடச் சொல்வதா? அப்படியானால் “இறங்கி வந்தது” என்பதிலும் இறங்கி என்ற சொல்லுக்குப் பின்னே போட வேண்டுமே? என்ன சொல்லி வேறுபடுத்துவது?

பழைய வாத்தியார், பண்டாரவளை
செவ்வாய், இரவு 9.40

தம்பியோ தங்கச்சியோ, நல்ல கேள்வி. இறங்கி வந்தது ஒரே செயல். இறங்குவது தனி, வருவது தனி என்று யாரும் நினைப்பதில்லை. எட்டிப் பார்த்தது, ஓடிப் போனது, தூக்கி எறிந்தது எல்லாம் அப்படியே. அவற்றைக் காற்புள்ளியால் வெட்டக் கூடாது. நீர் குடித்தது, உடலை உதறியது, காதை நிமிர்த்தியது என்பவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்த தனித்தனிச் செயல்கள். படம் வரைந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வேண்டும். தரம் 7 பிள்ளைக்கு “எத்தனை படம்?” என்ற கேள்வி போதும்.

இன்னொரு தடயமும் இருக்கிறது, கொழுந்துக்கூடை டீச்சர் அதைத் தெரியாமலேயே பந்தியில் விட்டுவைத்திருக்கிறார். “உதறி காதை” என்று ஒற்று இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். சேர்த்து எழுதினால் “உதறிக் காதை” என்று க் மிக வேண்டும். நடுவே காற்புள்ளி வந்தால் ஒற்று மிகாது: “உதறி, காதை.” காற்புள்ளியை எடுத்தீர்கள், ஆனால் அது இருந்த தடம் அப்படியே இருக்கிறது. வல்லெழுத்து மிகும் இடத்தையும் காற்புள்ளியையும் நாம் இரண்டு தனிப் பாடமாக நடத்துகிறோம். இரண்டுக்கும் ஒரே கேள்விதான்: இந்த இரண்டு சொல்லும் கைகோத்து நிற்கின்றனவா, விலகி நிற்கின்றனவா? ஒற்றும் போட்டுக் காற்புள்ளியும் போட்டால் கையைப் பிடித்துக்கொண்டே தள்ளிவிடுவதைப் போல ஆகும். பத்திரிகைகளில்கூட இந்தப் பிழை தினமும் வருகிறது.

இரட்டைமொழி, தலவாக்கலை
செவ்வாய், இரவு 10.10

ஐயா, இது எனக்கே புதிது. இத்தனை வருடம் ஒற்று மிகுவதை ஓசைக்காக என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

மேற்கோள் பற்றி ஒரு சிறிய குறிப்பு. ஆங்கிலப் பழக்கத்தில் பிள்ளைகள் “புலி வருது,” என்று மேற்கோளுக்கு உள்ளே கடைசியில் காற்புள்ளி வைத்துவிட்டு அப்புறம் என்று கத்தினான் என எழுதுகிறார்கள். தமிழில் “என்று” வந்து அந்த வேலையைச் செய்துவிடுகிறது, காற்புள்ளி தேவையில்லை. சிறுவன் என்ற சொல்லுக்குப் பின்னே மட்டும் போட்டால் போதும்.

கொழுந்துக்கூடை, மஸ்கெலியா
வியாழன், இரவு 8.15

நேற்று இரண்டு பாடவேளை சேர்ந்து கிடைத்தது. நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் மூச்சைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இழுப்பு உள்ள பிள்ளையிடம், நீ என் சொல்படி சரியாகச் செய்தாய், விதியைத்தான் மாற்றுகிறோம் என்றேன். பிறகு கடைசி வாக்கியத்தை எடுத்தோம். “அம்மா புலி வருது” என்று கரும்பலகையில் எழுதி, யார் வருவது என்று கேட்டேன். பின் வரிசையில் ஒருவன் “அம்மா புலி, டீச்சர்” என்றான். வகுப்பு முழுவதும் ஒரே சிரிப்பு. ஆனால் அவன் சொன்னது சரி. குட்டியின் கதை நடக்கிறது, அதன் அம்மா வருகிறது. அம்மாப் புலி என்று ஒற்றோடு எழுத வேண்டாமா என்று ஒரு சிறுமி கேட்டாள். வாத்தியார் ஐயா, உங்களை நினைத்துக்கொண்டேன்! அம்மா என்பது விளிப்பெயராக நிற்கும்போது ஒற்று மிகாது, காற்புள்ளி வரும் என்று சொன்னேன். இப்போது “அம்மா, புலி வருது” என்று எழுதி, ஒரு காற்புள்ளியில் அம்மா லயத்துக்கு உள்ளே போய்விட்டார், புலி வெளியே நிற்கிறது என்று அந்த முதல் பையனே விளக்கினான்.

காட்டோரம் அண்ணா சொன்ன தூக்கிய காலையும் பயன்படுத்தினேன். இரண்டாவது வாக்கியத்தை ஒருத்தி வாசிக்க, இன்னொருவன் சிறுத்தையாக நடந்து, ஒவ்வொரு செயல் முடிந்ததும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். பார்த்தது என்றதும் படுத்துவிட்டான். “இறங்கி வந்தது” என்பதில் கால் தூக்க முயன்று, “இதுல நிக்க முடியாது டீச்சர்” என்று அவனே சொன்னான்.

பயமிருந்த ஒரு பிள்ளைக்கு மரைப் பந்தியைக் கொடுத்தேன். மானாப்புல் டீச்சருக்கு நன்றி.

மானாப்புல், பொகவந்தலாவை
வியாழன், இரவு 9.05

வாசிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மரையும் பன்றியும் முயலும் என்று உம் வரும்போது காற்புள்ளி தேவையில்லை என்பது இன்றைய நடைமுறை, நானும் அப்படித்தான் படிப்பிக்கிறேன். ஆனால் பழைய அச்சுப் புத்தகங்களில் “மரையும், பன்றியும், முயலும்” என்று போட்டிருப்பதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நான் படித்த காலத்தில் ஒரு பயிற்சிப் பரீட்சையில் இப்படி மூன்று இடத்தில் போட்டதற்கு எனக்குக் கிடைக்க வேண்டிய புள்ளிகளில் மூன்றை வெட்டினார்கள். நூலகப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டியும் ஏற்கவில்லை. அதன் பிறகு ஒரு வருடம் நான் காற்புள்ளி போடவே பயந்தேன். பொருளைக் குழப்பாத காற்புள்ளிக்குச் சிவப்பு மை வேண்டாம். பக்கத்தில் பென்சிலால் “உம் இருக்கிறது, இது வேண்டாம்” என்று எழுதினால் போதும்.

பழைய வாத்தியார், பண்டாரவளை
வியாழன், இரவு 9.30

மூன்று புள்ளியை வெட்டியது அநியாயம். நானும் அந்தக் காலத்தில் அப்படி வெட்டியவன்தான், இப்போது வருந்துகிறேன். சிவப்பு மையை அடிபட்ட குட்டிக்கு வைத்திருங்கள். அங்கே காற்புள்ளி மாறினால் நடந்ததே மாறிவிடுகிறது.

பயிற்சிக்கு இன்னொரு வாக்கியம் தருகிறேன்: “நேற்று தோட்டத்தில் கண்ட சிறுத்தையைப் பற்றிப் பேசினார்கள்.” நேற்று என்ற சொல்லுக்குப் பின்னே காற்புள்ளி போட்டால் நேற்றுப் பேசினார்கள். போடாவிட்டால் நேற்றுக் கண்டார்கள். தோட்டத்து அலுவலகத்தில் போய் முறைப்பாடு கொடுக்கிற அப்பாவுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

காட்டோரம், நோர்வூட்
வெள்ளி, காலை 6.30

முடிந்தால் சுருக்குக் கம்பியைப் பற்றியும் ஒரு பந்தி எழுதுங்கள் டீச்சர். காட்டுப்பன்றிக்கு வைக்கிற கம்பியில் சிறுத்தையும் சிக்கிச் சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், ஆனாலும் சில நாளில் இறந்துபோனது. கருஞ்சிறுத்தை வேறு இனம் இல்லை, அதே சிறுத்தை, நிறம் மட்டும் கருமை. உங்கள் பாடசாலையிலிருந்து அந்த இடம் தூரமில்லை. பிள்ளைகளின் வீட்டில் நிச்சயம் பேசியிருப்பார்கள்.

கொழுந்துக்கூடை, மஸ்கெலியா
அடுத்த புதன், இரவு 8.00

பந்தியை நான் எழுதவில்லை அண்ணா, பிள்ளைகளையே எழுதச் சொன்னேன். தோட்டத்தில் பார்த்த அல்லது வீட்டில் கேட்ட ஒரு மிருகத்தைப் பற்றி ஐந்து வாக்கியம். கம்பியைப் பற்றி எழுதியவர்கள் ஆறு பேர். கருஞ்சிறுத்தை இரண்டு தாளில் வந்தது.

ஒரு சிறுமி “கம்பியில் மாட்டிய சிறுத்தையின் குட்டி கத்தியது” என்று எழுதிவிட்டு என்னிடம் வந்தாள். இவர்கள் லயத்துக்கு மேலே உள்ள மலையில், கவ்வாத்து வெட்டப் போன நேரம் அவளுடைய அப்பா கண்டதாம். “டீச்சர், மாட்டிய என்ற சொல்லுக்குப் பிறகு காற்புள்ளி வருமா?” என்று கேட்டாள். மாட்டியது யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். தெரியவில்லை என்றாள். அப்படியானால் என்னாலும் சொல்ல முடியாது, வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்றேன். தாளைக் கொடுக்காமல் கொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனாள்.

இன்றைக்குக் கொண்டுவந்தாள். காற்புள்ளி போடவில்லை. மாட்டியது தாயாம். குட்டி எந்தப் பக்கம் போனது என்று அப்பாவுக்குத் தெரியாதாம்.